பில்லில் கெடு எழுதும் முறை: செட்டிநாட்டுச் சிறுதொழில் செய்வோருக்கு

காரைக்குடியில் பலகாரம் செய்து டின்னில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஆச்சி ஒருவருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சென்னைக் கடை ஒன்றுக்கு அவர் அனுப்பிய தேன்குழலுக்கும் மணகோலத்துக்கும் ஜூன் 3-ஆம் தேதி பில் போட்டோம். ‘30 நாள்’ என்று வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்ததால், ஜூலை 3-ஆம் தேதி பணம் வந்துவிடும் என்று எண்ணெய்க் கடையில் வாக்குக் கொடுத்துவிட்டோம். லாரி 6-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. கடையின் கிடங்கில் 11-ஆம் தேதிதான் சரக்கை வரவு வைத்தார்கள். பில் கணக்குப் பிரிவின் மேசைக்கு 17-ஆம் தேதி வந்தது. அவர்கள் 30 நாளை அன்றிலிருந்துதான் எண்ணினார்கள். அதன்படி ஜூலை 17 ஆயிற்று. ஆனால் மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டு நாட்களில்தான் அந்தக் கடையில் பணம் பட்டுவாடா செய்வார்களாம். ஆகவே 25-ஆம் தேதி வங்கியில் பணம் ஏறியது. பில் தேதியிலிருந்து எண்ணினால் 52 நாள்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதை நாங்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பணம் பெறும் நிபந்தனை என்றாலே எத்தனை நாள் கடன் கொடுப்பது என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். என் அனுபவத்தில் எத்தனை நாள் என்பதைவிட, எந்த நாளிலிருந்து என்பதுதான் பணத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

கை தாங்கும் அளவு

கெடுவை முடிவுசெய்யும் முன், வாங்குபவரின் வழக்கத்தைப் பார்க்காமல் உங்கள் கையிருப்பைப் பாருங்கள். பலகாரத் தொழிலில் மாதம் 3,00,000 ரூபாய்க்கு விற்பனை நடக்கிறது, அதில் அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு, டின், கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 2,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் 45 நாள் கடன் கொடுத்தால், எந்த நேரத்திலும் ஒன்றரை மாத விற்பனை, அதாவது 4,50,000 ரூபாய், வெளியே நிற்கும். அதற்காக நீங்கள் ஏற்கெனவே செலவழித்த பணம் 3,60,000 ரூபாய். இதை ஒன்றரை வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய்க்கு, வெளியில் வாங்கியிருந்தால் மாதம் 5,400 ரூபாய் வட்டி. 60,000 ரூபாய் லாபத்தில் நூற்றுக்கு 9 அதற்கே போய்விடுகிறது. சொந்தப் பணம்தானே என்று சொல்பவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பணம் சும்மா கிடக்க வேண்டிய பணம் அன்று.

எண்ணெய்க்காரர் உங்களுக்கு 10 நாள் தருகிறார், கூலியைச் சனிக்கிழமை தோறும் கொடுத்தாக வேண்டும் என்றால், நீங்கள் பிறருக்கு 45 நாள் தருவதற்கு ஒரே நியாயம் விலையில் அந்த வட்டியைச் சேர்த்திருப்பதுதான். சேர்க்கவில்லையென்றால் 15 நாளோ 21 நாளோ போதும். புதிதாக வருபவருக்கு முதல் சரக்கு முழுப்பணத்துக்கே. இரண்டு மூன்று முறை ஒழுங்காக வாங்கிய பிறகு கடன் நாள் தரலாம். கடனுக்கு ஒரு தொகை வரம்பும் வேண்டும். அந்த வரம்பு, அது திரும்பி வராமலே போனாலும் அடுத்த மாதம் அடுப்பு எரியும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

சொந்தபந்தத்தில் விற்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். “நம்ம புள்ளிதான தம்பி, குடுப்பாக” என்று ஆச்சி சொல்வார். கொடுப்பார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எப்போது என்பதுதான் என் கேள்வி. உறவினருக்குச் சலுகை தர விரும்பினால் விலையில் கொடுங்கள், கெடுவில் கொடுக்காதீர்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. விலையில் கொடுத்த சலுகை அன்றோடு முடிந்துவிடும்.

எங்கிருந்து எண்ணுவது

பில் தேதி, சரக்கு சேர்ந்த தேதி, சரிபார்த்து ஒப்புக்கொண்ட தேதி, மாதக் கடைசி என்று எண்ணத் தொடங்குவதற்கு நான்கு இடங்கள் உண்டு. உங்கள் கையில் இருப்பது பில் தேதி ஒன்றுதான். மற்ற மூன்றும் வாங்குபவரின் கிடங்கையும் எழுத்தரையும் பொறுத்தவை. ஆகவே பில் தேதியிலிருந்து எண்ணுவதாகவே கேளுங்கள். சரக்கு வந்து சேராமல் எப்படி நாள் எண்ணுவது என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியே. லாரிக்கு 3 நாள் சேர்த்து 21 நாளை 24 நாளாக்கிவிட்டுப் பில் தேதியிலேயே நில்லுங்கள்.

அதோடு, அவர்கள் பணம் கொடுக்கும் நாட்கள் எவை என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். சென்னைக் கடைக்கு இப்போது 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் சரக்கு அனுப்புகிறோம். 1-ஆம் தேதி பில்லுக்கு 24 நாள் கூட்டினால் 25. 16-ஆம் தேதி பில்லுக்குக் கூட்டினால் அடுத்த மாதம் 10, பில் போட்ட மாதத்துக்கு 31 நாள் இருந்தால் 9. பிப்ரவரியில் மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுடைய பட்டுவாடா நாளோடு எங்கள் கெடு பொருந்திவிட்டது. இதற்காக யாரிடமும் சண்டை போடவில்லை, விலையையும் குறைக்கவில்லை. அடுப்பு மூட்டும் நாளை மட்டும் கொஞ்சம் நகர்த்தினோம்.

பில்லில் ‘24 நாள்’ என்று மட்டும் எழுதாமல், ‘பணம் செலுத்த வேண்டிய கடைசி நாள்: 25.06.2025’ என்று தேதியாகவே அச்சிடுங்கள். நாளை எண்ணிப் பார்க்கும் வேலையை வாங்குபவருக்கு வைக்கக்கூடாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் தமிழ் மாதத்தில்தான் பேசுகிறார்கள். “ஆடி கழியட்டும்” என்று ஆனிக் கடைசியில் ஒருவர் சொன்னால், ஜூலை நடுவில் வரவேண்டிய பணம் ஆகஸ்ட் நடுவுக்குப் போய்விட்டது என்று பொருள். பேச்சு எந்த மாதத்தில் நடந்தாலும் எழுத்து ஆங்கிலத் தேதியில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த நிபந்தனை, சரக்கு போன பிறகு வாங்குபவரின் கைக்குக் கிடைப்பது. அதை அவர் ஒப்புக்கொண்டார் என்று பிறகு காட்டுவது எளிதன்று. விலைப்புள்ளி கொடுக்கும்போதே நிபந்தனையை எழுதி, ஆர்டர் வரும்போது அதற்குச் சம்மதம் பெற்றுவிட வேண்டும். கையொப்பம் நல்லது. கிடைக்காத இடத்தில் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ‘சரி’ என்று வந்த பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். ஆச்சியின் ஆர்டர் தாளில் இப்போது இருக்கும் வாசகம் இது:

“பில் தேதியிலிருந்து 24 நாள் கெடு. கடைசி நாள் பில்லில் தேதியாகக் குறிக்கப்படும். எண்ணிக்கையிலோ தரத்திலோ குறை இருந்தால் சரக்கு சேர்ந்த 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கெடு தாண்டிய தொகைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி சேரும். முந்தைய பில்லின் தொகை கெடு தாண்டி நிற்கையில் அடுத்த சரக்கு அனுப்பப்படாது.”

நடைமுறையில் இவற்றுள் அதிகம் வேலை செய்வது கடைசி வாக்கியம்.

முன்பணம்

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைகளுக்கு மேலே சொன்னது பொருந்தாது. கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் இட்டு ஒவ்வொரு கல்லாகக் கையால் செய்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு உலர்த்தி எடுக்க வேண்டும். வாங்குபவர் கேட்ட வண்ணத்தில், அவர் வீட்டுக் கூடத்தின் அளவுக்குச் செய்த கல்லை அவர் வேண்டாம் என்றுவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வது அரிது. இப்படிப்பட்ட பொருளுக்குக் கடன் நாள் என்ற பேச்சே கூடாது. முன்பணம் குறைந்தது பொருட்செலவையும் கூலியையும் ஈடுகட்ட வேண்டும். விலையில் 60 விழுக்காடு அதற்குப் போகிறது என்றால் 50 விழுக்காடு முன்பணம் போதாது. மீதியை லாரியில் ஏற்றும் முன் பெற்றுவிட வேண்டும். ‘பதித்த பிறகு பத்து விழுக்காடு தருகிறோம்’ என்பார்கள். பதிப்பவர் உங்கள் ஆளாக இல்லாதபோது, அவர் கைவேலையின் குறையும் உங்கள் பில்லில் வந்து நிற்கும் என்பதால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதிரிக் கல்லைக் காட்டிச் சம்மதம் பெற்று வேலையைத் தொடங்கிய பின் முன்பணம் திரும்பாது, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு ஆகிய இரண்டையும் ஆர்டர் தாளில் எழுதிவிடுங்கள்.

பொருள் விற்பனைக்கு வாங்கும் முன்பணத்தின் மேல் ஜிஎஸ்டி அப்போதே கட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பர் முதல் இந்தச் சலுகை இருக்கிறது. சமையல் ஒப்பந்தம், பந்தல் போன்ற சேவைக்கு முன்பணம் வாங்கினால், ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் அந்த மாதக் கணக்கிலேயே சேர்த்து வரி கட்ட வேண்டும்.

கல்யாண ஆர்டர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே பில்லுக்கோ, ஒரே நிகழ்ச்சியை ஒட்டியோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கல்யாணம் ஒரே நிகழ்ச்சி. நிச்சயத்தன்று 80,000, முகூர்த்தத்துக்கு முன் 80,000, முடிந்த பிறகு 60,000 என்று பிரித்து வாங்கினாலும் அது 2,20,000 ரூபாய்தான். அபராதம் வாங்கியவருக்கே, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. ஆகவே பெரிய ஆர்டருக்கு வங்கி வழியாகவே பணம் பெறுவது என்பதையும் நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள்.

வட்டியும் தள்ளுபடியும்

வட்டிக் கணக்கில் நம் ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரங்கூனில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை முடிவுசெய்த நகரத்தாரின் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படியிருந்தும் தங்கள் பில்லில் வட்டி வாசகம் எழுதக் கூச்சப்படுபவர்களை நான் இங்கேதான் அதிகம் பார்க்கிறேன். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் நம் பேச்சில் ஒன்றரை வட்டி; அதை எழுதுவதில் குற்றமொன்றுமில்லை. எல்லா நேரமும் வசூலிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் எழுதாத வட்டியைப் பிறகு கேட்டால் அது மனத்தாங்கலில் முடியும். தாமதத்துக்காக வாங்கும் வட்டியும் விற்பனை மதிப்பில் சேரும் என்பதால், அது கைக்கு வரும்போது அந்தப் பொருளுக்குரிய ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சீக்கிரம் பணம் கொடுப்பவருக்குத் தள்ளுபடி தருவது நல்ல வழிபோலத் தெரியும். 30 நாள் கெடுவை 7 நாளாக்க 2 விழுக்காடு தருகிறீர்கள் என்றால், 98 ரூபாயை 23 நாள் முன்னதாகப் பெற 2 ரூபாய் கொடுக்கிறீர்கள். மாதத்துக்கு அது இரண்டரை வட்டிக்கு மேல். அதைவிடக் குறைந்த வட்டிக்கு வங்கி தரும் என்றால் தள்ளுபடி வேண்டாம். கொடுத்தே தீருவதென்றால், பின்னால் பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் வரியையும் குறைத்துக்கொள்ள வசதியாக, அதை விற்பனைக்கு முன்பே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள்.

சட்டம் தரும் 45 நாள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்படி குறு, சிறு உற்பத்தியாளரிடமும் சேவை தருபவரிடமும் வாங்குபவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கு சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சேர்ந்த நாளே ஏற்ற நாள். தொடக்கத்தில் சொன்ன பில்லையே எடுத்துக்கொண்டால், சரக்கு சேர்ந்தது ஜூன் 6. வாய்ப்பேச்சு தவிர வேறொன்றும் இல்லாததால் ஜூன் 21-ஆம் தேதியே பணம் வந்திருக்க வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் முதலோடு சேரும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.5 என்றால் வட்டி ஆண்டுக்கு 16.5 விழுக்காடு.

குறு, சிறு தொழில் என்று அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவு ஆச்சியிடம் அப்போது இருக்கவில்லை. அதனால் இவற்றையெல்லாம் நாங்கள் படித்து ரசிக்க மட்டுமே முடிந்தது. உத்யம் பதிவு அரசின் இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு செய்வது, கட்டணம் ஏதுமில்லை. கட்டணம் கேட்டு வரும் குறுஞ்செய்திகளையும் இடைத்தரகர்களையும் ஒதுக்கிவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல், இயந்திரத் தளவாட முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடிக்குள் சிறுதொழில். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் வழக்குக்கு இடம் தராத வழி. எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். செய்த பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யம் பெறலாம் என்றாலும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்காகவே; இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. வாங்கி விற்கும் பழம்பொருள் கடைக்காரருக்கு ஆர்டர் தாளில் எழுதியதுதான் சட்டம்.

பெரிய நிறுவனங்கள் இப்போது கொஞ்சம் பயப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, குறு, சிறு தொழிலுக்கு மேற்சொன்ன கெடு தாண்டிக் கொடுக்க வேண்டிய தொகை மார்ச் 31-ஆம் தேதி நிலுவையில் இருந்தால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. எந்த ஆண்டு கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். பிப்ரவரி கடைசியில், உத்யம் சான்றிதழ் நகலோடு பாக்கிப் பட்டியலை அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால் மார்ச்சில் பணம் வருகிறது. இதில் மிரட்டல் எதுவும் இல்லை. அவர்களுடைய ஆடிட்டருக்குத் தேவையான தாள் அது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காதவர், அந்தப் பில்லைக் காட்டித் தன் வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரியை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதியும் இதே வகையைச் சேர்ந்தது.

பில் திரும்பாமல் இருக்க

கெடுவை எவ்வளவு கவனமாக எழுதினாலும், பிழையுள்ள பில் மேசையில் தூங்கும். வாங்குபவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறியதற்காக ஒரு பில் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், கர்நாடகத்து எண் 29-இல் தொடங்கும், வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி. ஆர்டர் எண், லாரி ரசீது எண், வங்கிக் கணக்கு விவரம், யூபிஐ குறியீடு ஆகியவை பில்லிலேயே இருக்கட்டும். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண்ணாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் பில்லில் வரியைத் தனியாக வசூலிக்கவும், வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது.

பொருளுக்கான ஜிஎஸ்டி பில் போட்ட மாதத்தை ஒட்டியது, பணம் வந்த மாதத்தை ஒட்டியதன்று. மார்ச் 28-ஆம் தேதி 1,00,000 ரூபாய்க்கும் 18,000 ரூபாய் வரிக்கும் பில் போட்டு 60 நாள் கடன் கொடுத்தால், மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் ஏப்ரல் 20-ஆம் தேதிக்குள் அந்த வரியைக் கட்டியாக வேண்டும். பணமோ மே கடைசியில்தான் வரும். நீண்ட கெடு கேட்பவரிடம், வரித்தொகையை மட்டுமாவது சரக்கோடு கொடுத்துவிடுமாறு கேட்கலாம், பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

கேட்கும் முறை

கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு, பில் நகலோடு ஒரு செய்தி. கெடு நாளன்று ஒரு தொலைபேசி அழைப்பு. முதலாளியை அழைக்காமல், பணம் அனுப்பும் கணக்காளரை அழைக்க வேண்டும். அவரிடம் “பணம் எப்போது வரும்” என்று கேட்பதைவிட “பில் பாஸ் ஆகிவிட்டதா, ஏதாவது தாள் குறைகிறதா அண்ணே” என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். ஏழு நாள் தாண்டினால் அடுத்த சரக்கை நிறுத்துவதாக எழுத்தில் சொல்லி, சொன்னபடி நிறுத்துங்கள். முதலாளியிடம் பேசுவது அதற்குப் பிறகுதான்.

செக் வாங்கியிருந்தால் அது மூன்று மாதத்துக்குள் வங்கிக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால், வங்கியின் குறிப்பு கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ்; நோட்டீஸ் சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்த நாட்களில் ஒன்றைத் தவறவிட்டால், செக் திரும்பியதற்குத் தண்டனை தரும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் பலம் குறைந்துவிடும். உத்யம் பெற்றவர்கள் அரசின் இணையதளம் வழியாக, இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்கு மனுச் செய்யலாம்; தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் மன்றங்கள் இருக்கின்றன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். அதனாலேயே பல விவகாரங்கள் மனுவோடு முடிந்துவிடுகின்றன.

இத்தனை தூரம் போக விரும்பாத உறவுக்காரப் பாக்கிக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரியாக, சொந்தக்காரர், வெளியார் என்ற வேறுபாடு தெரியாமல், இந்தத் தாளை அனுப்புகிறோம்: “31.03 நிலவரப்படி எங்கள் பேரேட்டில் தங்கள் பெயரில் உள்ள பாக்கி கீழே குறிக்கப்பட்டுள்ளது. சரியாக இருந்தால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்; வேறுபாடு இருந்தால் தங்கள் கணக்கின் நகலை அனுப்பவும்.” ஆச்சி முதல் ஆண்டு இதில் கையெழுத்துப் போடவே தயங்கினார். இப்போது உறைகளில் முகவரி எழுதுவது அவர்தான்.